கட்சிக்காரர் எங்கிருந்து வருகிறார்?

தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியபோது எல்லையை முடிவு செய்த விதம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். வாங்குகிறவன் கையிலேயே பீரங்கியைக் கொடுத்தால் குறைவாகவா சுடுவான்? கடலூரும் சேர்த்து அந்த வீச்சுக்குள் அடங்கியது. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வழங்கியது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள்.

இன்றைக்கு இப்படி ஒரு எல்லை விவரத்தோடு பத்திரம் எழுதிக் கொண்டுபோனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் உள்ளே விட மாட்டார்கள். சர்வே எண் வேண்டும், சக்குபந்தி வேண்டும், புலப்படம் வேண்டும். இவ்வளவு வந்த பிறகும் எல்லைச் சண்டை ஓயவில்லை. வரப்பு, பொதுச்சுவர், வழிப்பாதை, பாகப்பிரிவினை என்று கடலூரிலும் சிதம்பரத்திலும் சிவில் கோர்ட்டுகளுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. வேலை இருக்கிறது. அந்த வேலை, புதிதாகக் கறுப்பு கவுன் வாங்கிய ஒரு வக்கீலிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையில் யார் கடை திறந்தாலும் ஃபிளெக்ஸ் கட்டலாம், ஆட்டோவில் மைக் வைக்கலாம், திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கலாம். வக்கீல் மட்டும் எதுவும் செய்யக் கூடாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த 36ஆவது விதி நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சுற்றறிக்கை, ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது, தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வரவைப்பது எல்லாமே தவறு. பெயர்ப்பலகைகூட மிதமான அளவில்தான் இருக்க வேண்டும். சங்கத்தில் வகித்த பதவி, முன்பு நீதிபதியாக இருந்த பெருமை, இன்ன வகை வழக்கில் நிபுணர் என்ற தகவல் எதையும் பலகையில் எழுதக் கூடாது. கடலூரில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தக் கோர்ட்டு வாசலில் நின்று பார்த்தாலும் இந்த விதி எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அது வேறு கதை.

2008இல் ஒரு சிறிய ஜன்னல் திறந்தது. வக்கீல் இணையதளம் வைத்துக்கொள்ளலாம். அதில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பவை இருக்கலாம் என்று பார் கவுன்சில் அனுமதித்தது. ஆக, பலகையில் எழுதக் கூடாததை இணையத்தில் ஓரளவு எழுதலாம் என்றானது. ஆனால் ஜஸ்ட் டயல், சுலேகா, குயிக்கர் போன்ற தளங்கள் வக்கீல்களைப் பட்டியலிட்டு, நட்சத்திரம் கொடுத்து, விலை போட்டு விற்பது போல் காட்டுவதை எதிர்த்து வழக்கு வந்தபோது, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு கடுமையாகத் தீர்ப்பளித்தது. அப்படி வேலை தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கவும், தளங்களில் உள்ள விளம்பரங்களை நீக்கச் செய்யவும் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு இளம் வக்கீல்கள் 1976இல் உள்ளூர் நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள்: தகராறில்லாத விவாகரத்துக்கு 175 டாலர், கோர்ட்டுக் கட்டணம் தனியாக 20 டாலர். அங்கேயும் வக்கீல் சங்கம் நடவடிக்கை எடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், 1977இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விளம்பரம் செய்யும் உரிமையை வென்றார்கள். விபத்து வழக்கு வக்கீல்களின் முகங்கள் அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளில் சிரிப்பது அதற்குப் பிறகுதான். அந்த நிலை இங்கே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பீனிக்ஸ் வக்கீல்கள் செய்ததில் விளம்பரத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது. கட்டணத்தை முன்கூட்டியே, தெளிவாக, எல்லோருக்கும் ஒன்றாகச் சொன்னார்கள். அதை எந்த விதியும் கடலூரில் தடுக்கவில்லை. வருகிறவரிடம் வாயைத் திறந்து சொன்னால் போதும்.

சிறு நகரத்தில் கட்சிக்காரர் வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பழைய கட்சிக்காரர் சொல்லி வருகிறார். பத்திரம் எழுதுபவர் கை காட்டுகிறார். மீனவ ஊரில் பஞ்சாயத்தார், கிராமத்தில் நாலு பேருக்குத் தெரிந்த பெரியவர் அனுப்புகிறார். சென்னையில் தொழில் செய்யும் வக்கீல் தன் உறவினர் வழக்கை உள்ளூரில் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். இவற்றோடு இன்னொரு வழியும் உண்டு: தரகர். பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனை வாசலிலும் ஆள் பிடித்து வந்து கமிஷன் வாங்குகிறவர். வெள்ளைக்காரன் காலத்து 1879ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒழித்துவிட்டு 2023இல் வழக்கறிஞர்கள் சட்டத்தில் செய்த திருத்தத்தில், தரகர் பட்டியல் தயாரிக்கவும் அவர்களைக் கோர்ட்டு வளாகத்துக்குள் விடாமல் தடுக்கவும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தும் தரகு வேலை பார்த்தால் மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். 500 ரூபாய்க்கு எந்தத் தரகர் பயப்படுவார் என்று தெரியவில்லை. தரகரை நம்பும் வக்கீலுக்குத்தான் பெரிய நஷ்டம். தரகர் கொண்டுவந்த கட்சிக்காரர் தரகரின் ஆள். அடுத்த வழக்கை அவர் எங்கே அழைத்துப் போகிறாரோ அங்கே போய்விடுவார்.

இனி, என்ன வேலை செய்வது? எல்லா வழக்கையும் எடுத்துக்கொள்வது என்பதுதான் சிறு ஊர் வக்கீலின் வழக்கம். காலையில் ஜாமீன் மனு, மதியம் நிரந்தர உறுத்துக் கட்டளை, மாலையில் விவாகரத்து. முதல் சில வருடங்களுக்கு இது தவிர்க்க முடியாதது, நல்லதும்கூட. ஆனால் கடலூர் மாவட்டத்தின் மண்ணையும் கடலையும் பார்த்தால், வேறு எங்கும் கிடைக்காத சில வேலைகள் இங்கே குவிந்து கிடப்பது தெரியும்.

கடலில் ஆரம்பிக்கலாம். தேவனாம்பட்டினத்தில் சுருக்குமடி வலைத் தகராறு பல வருடமாக நடக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது; சுருக்குமடிக்கு மாநில அரசு 2000இல் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. படகு பறிமுதல், அபராதம், உரிமம், படகுப் பதிவு, இன்ஜின் காப்பீடு என்று இதைச் சுற்றி எத்தனையோ வேலைகள். கடலுக்குப் போனவர் திரும்பாமல் உடலும் கிடைக்காவிட்டால் குடும்பம் படும் பாடு தனி. ஏழு வருடம் ஒரு செய்தியும் இல்லாவிட்டால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காப்பீட்டுப் பணம் மூன்றும் அந்த முடிச்சில் சிக்கிக்கொள்ளும். 2004 சுனாமியைப் பார்த்த கரை இது. இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த ஒரு வக்கீல், பலகையில் எதுவும் எழுதாமலே தாழங்குடாவிலிருந்து பரங்கிப்பேட்டை வரை பெயர் வாங்கிவிடலாம்.

மேற்கே போனால் நெய்வேலி. 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்துக்காக நிலம் எடுப்பது இன்னும் நிற்கவில்லை. 2023இல் வளையமாதேவியில் விளைந்த பயிருக்குள் இயந்திரம் இறங்கியபோது பிரச்சினை உயர் நீதிமன்றத்துக்குப் போய், சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி உத்தரவு வந்தது. இழப்பீடு போதாது என்று கேட்கும் வழக்குக்குச் சிட்டா, அடங்கல், பட்டா, சுற்றுவட்டார விற்பனைப் பத்திரங்கள், கிணறு, மரம் எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். பேச்சுத்திறமைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆவணத்தைத் திரட்டும் பொறுமைக்குத்தான் வேலை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்தபோது, எந்தச் சேதத்துக்கு எங்கே, எப்போது மனுக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது, சாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையும் விக்கிரவாண்டி – கும்பகோணம் சாலையும் இந்த மாவட்டத்துக்கு நிறைய விபத்து வழக்குகளைத் தருகின்றன. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தால், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற காலக்கெடு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. என்றாலும், தேதியைத் தவறவிட்டு வாதாடுவதைவிடத் தேதிக்குள் போடுவது எவ்வளவோ மேல். கட்சிக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் தரகராக இல்லாமல் இருக்க வேண்டும்.

விபத்து வழக்கு என்றதும் கட்டணப் பேச்சு வந்துவிடும். “வர்றதுல இவ்வளவு பர்சென்ட்” என்று பேசிக்கொள்வது நாடறிந்த வழக்கம். பார் கவுன்சில் விதி இதைத் தெளிவாகத் தடை செய்கிறது: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவும் கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கவும் கூடாது. ஏழைக் கட்சிக்காரருக்கு அதுதானே வசதி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கணவனை இழந்த பெண்ணின் பெயரில் வந்த காசோலை கைக்கு வந்த நாளில் பங்கு பிரிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள், விதி ஏன் இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் கேட்கலாம். நோட்டீஸ் அனுப்ப இவ்வளவு, பிராது தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு. கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு, கமிஷனர் பேட்டா, டைப்பிங் ஆகியவை தனிக் கணக்கு. முதல் நாளே ஒரு தாளில் தமிழில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. கட்சிக்காரர் செலவுக்குத் தந்த பணத்தையும் தன் கட்டணத்தையும் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பல அலுவலகங்களின் பெரிய நோய். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும், கேட்டால் கணக்கு நகல் தர வேண்டும் என்பதும் விதிதான். ரசீதுப் புத்தகத்தின் விலை அற்பம். அது வாங்கித் தரும் நம்பிக்கை அப்படியல்ல.

பணம் வரவில்லை என்றால் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல் அப்படித்தான் செய்தார். 97,100 ரூபாய் பாக்கி என்று சொல்லி, வங்கியின் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். பார் கவுன்சில் அவரை 18 மாதம் தொழிலிலிருந்து விலக்கியது. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தாலும், கட்டணப் பாக்கிக்காகக் கட்டை நிறுத்தி வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. அடுத்தவர் பத்திரத்தை அடமானம் போல் வைத்துக்கொள்வது வழி அல்ல.

கட்டணம் வாங்குவதைவிடக் கடினமானது, வழக்கு வேண்டாம் என்று சொல்வது. தமிழ்நாட்டில் சிவில் வழக்குக்கான கோர்ட்டுக் கட்டணம் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. 10 லட்சம் ரூபாய் வரவேண்டிய கடனுக்கு முன்பு 75,000 கட்ட வேண்டியிருந்தது, இப்போது 30,000. சமரசமாகப் போனால் அதுவும் திரும்பக் கிடைக்கும். லோக் அதாலத்திலோ சமரச மையத்திலோ முடிந்தால் மட்டுமல்ல, இரு தரப்பும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு அது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பதினைந்து வருடம் வாய்தா வாங்கி வரும் வருமானம் ஒரு பக்கம். ஆறு மாதத்தில் பேசி முடித்து, கட்டிய கட்டணத்தையும் வாங்கிக் கொடுத்த வக்கீலைப் பற்றி அந்த இரண்டு குடும்பமும் கல்யாண வீடுகளில் பேசும் பேச்சு இன்னொரு பக்கம். நீண்ட நாள் கணக்கில் இரண்டாவதுதான் லாபம்.

வாய்தா என்ற சொல்லைக் கேட்டாலே கட்சிக்காரருக்குக் கசக்கும். தாமதத்தைக் குறைக்க வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது டெல்லிப் பெரிய வக்கீல்களின் அமைப்பு அல்ல, சேலம் வக்கீல்கள் சங்கம். பதிலுரைக்கு 30 நாள், அதிகபட்சம் 90 நாள் என்ற கெடு பற்றி நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 2002, 2005இல் அந்தச் சங்கத்தின் வழக்கில் வந்த தீர்ப்புகளைத்தான். கெடுவைத் தவறவிட்டு எக்ஸ்பார்ட்டி ஆகி, அதை ரத்து செய்ய மனுப் போட்டு, அதற்கும் செலவுத்தொகை கட்டி அலைவது பெரும்பாலும் சட்டம் தெரியாததால் அல்ல. டைரி சரியாக இல்லாததால். நல்ல குமாஸ்தா ஒருவர் இருந்தால் அலுவலகம் பாதி நிமிர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு இரண்டு டைரி வேண்டும்: ஒன்று மேசையில், ஒன்று கைப்பேசியில்.

இன்னொன்றையும் வக்கீல்கள் கவனிக்க வேண்டும். கட்சிக்காரரிடம் இப்போது கைப்பேசி இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை ஈ-கோர்ட்ஸ் செயலியில் தட்டினால் அடுத்த தேதி, அன்றைக்கு நடந்தது எல்லாம் வந்துவிடும். துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே பார்த்துவிட்டுச் சிதம்பரத்தில் இருக்கும் அப்பாவிடம் சொல்கிறான். “ஜட்ஜ் லீவுப்பா” என்ற பழைய பதில் இனி எடுபடாது. வழக்கு நடந்த அன்று மாலையே என்ன நடந்தது, அடுத்த தேதி எது, கொண்டு வர வேண்டியது என்ன என்று வாட்ஸ்அப்பில் மூன்று வரி தமிழில் அனுப்புகிற வக்கீலை யாரும் மாற்ற மாட்டார்கள். தோற்ற வழக்கிலும் கட்சிக்காரர் கூடவே நிற்பார், என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால்.

தமிழில் என்பது முக்கியம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று நூலாக்கினார். இன்றும் தன் பிராதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடும் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். படித்துக் காட்டி, அவர் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவதற்கு அரை மணி நேரம் ஆகும். குறுக்கு விசாரணையில் “இது எனக்குத் தெரியாது, வக்கீல் எழுதினது” என்று கூண்டில் நின்று அவர் சொல்லிவிடுவதைவிட அது சின்னச் செலவு.

அலுவலகம் வளர ஜூனியர்கள் வேண்டும். இந்தத் தொழிலின் சங்கடமான பக்கம் இங்கேதான். ஜூனியருக்குச் சம்பளம் கிடையாது, பஸ் காசு உண்டு என்ற மரபில் வளர்ந்த சீனியர்கள் அதையே தொடர்கிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரச் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சிதம்பரத்தில் சிவில் மட்டும் பார்க்கும் நடுத்தர வக்கீலுக்கு 15,000 பெரிய தொகைதான். ஆனால் அந்தப் பணம் இல்லாமல் தாக்குப்பிடிக்கக் கூடியவர்கள் யார்? அப்பா வக்கீலாக உள்ளவர்களும் நிலம் உள்ளவர்களும். மீனவர் வீட்டிலிருந்தும் கூலி வீட்டிலிருந்தும் முதல் ஆளாகச் சட்டம் படித்து வந்த பெண்ணும் பையனும் இரண்டாவது வருடமே தொழிலை விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணத்தை 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லி வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர் தங்குவது சீனியர் கையில் இருக்கிறது. முழுத்தொகை தர முடியாதவர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொள்ளலாம். சிறு வழக்குகளின் வக்காலத்தில் ஜூனியர் பெயரையும் சேர்த்து, அந்தக் கட்டணத்தை அவரிடமே விடலாம்.

கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது. நடத்தையில் தவறு என்றால் மாநில பார் கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும். அந்த நிலை வருவதற்கு முன்பே, வக்காலத்தில் கையெழுத்துப் போடும் அன்றைக்கே கட்டணத்தை எழுதி வாங்குங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். அசல் பத்திரம் கொடுத்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வழக்கு எண் விழுந்ததும் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வக்கீல் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டத்திலும் வட்டத்திலும் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைப்பார். நாடு முழுவதற்குமான உதவி எண் 15100.